மேப் சேர்த்து வைத்த ஃபோல்டர்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் வேலையில் பாதி, குப்பை அள்ளுவதுதான். சி டிரைவ் நிரம்பிவிட்டது என்ற சிவப்புக் கோட்டைப் பார்த்து நெஞ்சு படபடத்தவர்கள் எல்லாரும் நம் ஆட்களே.

உள்ளே உள்ளே

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் உரக்கடை வைத்திருப்பவர், கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டார். சினிமா இல்லை, பாட்டு இல்லை, ஆனால் டிஸ்க்கில் இடமும் இல்லை. மறைந்திருக்கும் ஃபோல்டர்களையும் காட்ட வைத்துத் தேடினேன். யூசர் பெயருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல் என்று போய்க்கொண்டே இருந்தால், அவர் ஆசையாகப் போட்டிருந்த மேப் சாஃப்ட்வேரின் 'கேஷ்' என்ற சேமிப்பு ஃபோல்டர் பூதம் மாதிரி உட்கார்ந்திருந்தது. செயற்கைக்கோள் படத்தில் நாம் பார்க்கிற ஒவ்வொரு துண்டையும், அடுத்த முறை சட்டென்று காட்டுவதற்காக அங்கே சேர்த்து வைக்கிறது. இத்தனை வருடத் தொழிலில் அன்றுதான் அதைப் பார்க்கிறேன், புல்லரித்துப் போனது. விளக்கிச் சொன்னதும் அவர் மனைவி பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "நான் எந்தெந்த ஊரப் பாத்தேன்னு இதுல தெரிஞ்சிருமாங்க?"

கேட்காமல் அழித்தது

கோவில்பத்தில் ஒரு இன்ஜினியர். அவர் லேப்டாப்பிலும் அதே ஃபோல்டர். புதிதாக வித்தை கற்ற மிதப்பில் கேட்காமலே அழித்துவிட்டு வந்தேன். மறுநாள் அவர் சிக்னல் கிடைக்காத வயலோரத்தில் நின்று, வாய்க்கால் போகும் வழியை விவசாயிகளுக்குக் காட்ட லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். நெட் இல்லாவிட்டாலும், முன்பே பார்த்த இடங்களை அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துக் காட்டும். இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. போனில் அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "பத்துப் பேர நிக்க வெச்சு வாய்க்காலக் காட்டுறேன்னேன் சார், திரை பூரா பச்சைச் சாயத்தக் கரைச்சு ஊத்துனாப்ல இருக்கு."

மூன்றாவது வரிசை

அதிலிருந்து திறந்து பார்க்காமல் எதையும் அழிப்பதில்லை. தலத்தெருவில் டியூஷன் எடுக்கும் நஸீமா வீட்டில் டிஸ்க் நிரம்பி, பிள்ளைகளின் பாடத்தைச் சேமிக்க முடியவில்லை. தெருவில் குழி தோண்டியதில் கேபிள் அறுந்து, நெட்டும் கிடையாது. அங்கேயும் அதே ஃபோல்டர் இருந்தது; அழிக்கும் முன் மேப்பைத் திறந்தேன். காரைக்கால் மங்கல், கடல் மங்கல், உலகமே மங்கல். நஸீமா மவுஸை வாங்கி, வளைகுடா நாட்டு ஊர் ஒன்றுக்குப் போய் ஓரிடத்தில் நெருங்கினார். அங்கே மட்டும் அப்படி ஒரு தெளிவு. சுற்றுச்சுவர், மணல், வரிசை வரிசையாகச் சின்ன மேடுகள்.

"வாப்பா அங்க வேலைக்குப் போனவங்க, அங்கயே மவுத்தாயிட்டாங்க. அடக்கமும் அங்கதான், நாங்க யாரும் போக முடியல" என்றார். அப்பாவை அடக்கியது மூன்றாவது வரிசையில் என்று, அவருடன் வேலை செய்தவர்கள் சொன்னார்களாம். தினமும் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, அந்த வரிசையைத் திறந்து வைத்து துவா கேட்பாராம்.

பழைய மிதப்பில் வந்திருந்தால் ஒரே நொடியில் அழித்திருப்பேன். அந்த ஃபோல்டரை முழுசாக வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துக் கொடுத்தேன். மற்ற குப்பையை அழித்துப் பாடங்களுக்கு இடம் பண்ணினேன். கிளம்பும்போது நஸீமா கேட்டார்: "நெட்டு எப்ப வேணா வரட்டும்ணே. வாப்பா இருக்காங்கல்ல?"

இப்போதெல்லாம் அழிக்கும் முன் "இதுக்குள்ள யாராவது இருக்காங்களா?" என்று நான் கேட்பதைப் பார்த்து, மெஷினோடு மெக்கானிக்கையும் பழுது பார்க்க வேண்டும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.