டிரைவுக்கு மேலே காலியிடம்

தாராவியில் எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. கட்டிலுக்கு அடியில் அரிசி டிரம், ஃபிரிஜ்ஜுக்கு மேல் சாமி படங்கள், சாமிக்கு மேல் பரணில் சூட்கேஸ்கள். கையகல இடம் சும்மா கிடந்தால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. அந்தப் புத்தி எனக்கும் அப்படியே வந்திருக்கிறது என்பது பேனல் படம் வரையப் போன பிறகுதான் தெரிந்தது.

மின்சாரப் பேனல் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். அடுக்குமாடிகளின் தண்ணீர் பம்பை இயக்கும் இரும்புப் பெட்டிகள்தான் பெரும்பாலும். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். முன்பெல்லாம் அவர் படங்களைத் தாணேயில் ஓர் ஆபீசில் கொடுத்து வரைந்து வாங்கிக்கொண்டிருந்தார். ஆறு மாதம் நச்சரித்து அந்த வேலையை என் கைக்கு வாங்கினேன்.

கம்ப்யூட்டரில் சர்க்யூட் வரைவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. பெரிய கம்பெனிகள் தங்கள் சாமான் ஒவ்வொன்றையும் லைப்ரரி என்று ஃபைலாகவே தந்துவிடுகின்றன. எந்த முனையில் எந்த வயர், நீளம் அகலம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். எடுத்து வைத்தால் போதும். ஆனால் இந்த முறை அண்ணாச்சி வாங்கிவந்த டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, புதுக் கம்பெனியுடையது. அவர்கள் வெப்சைட்டில் லைப்ரரியே இல்லை. நமக்கென்ன கை இல்லையா என்று ஸ்கேலை வைத்து அளந்து, முனைகளை எண்ணி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நானே வரைந்தேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

டிரைவோடு வந்த புத்தகத்தை மட்டும் பிரிக்கவில்லை. என் மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் அது கச்சிதமாகப் பொருந்தியது.

செம்பூரில் ஓர் அடுக்குமாடி சொசைட்டிக்கான பேனல் அது. பழையது எரிந்துபோய், எட்டு மாடிக்காரர்களும் டேங்கர் தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை மாட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். பம்ப் அறை குறுகல் என்பதால் பெட்டியைச் சிறிதாக்கி, டிரைவை ஒட்டி மேலே ஒரு வரிசை ரிலே சுவிட்சுகள், கீழே பிரேக்கர் என்று எட்டரை மணி லோக்கல் ரயில் மாதிரி அடைத்தேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு, தாணேக்காரர்களால் இப்படி முடியாது என்றார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மோட்டாரை மாட்டி, கதவைச் சாத்தி ஓட்டிப் பார்த்தோம். அரை மணியில் டிரைவ் தானாக நின்றது. ஆறவைத்து மறுபடி ஓட்டினால் இருபது நிமிடம். மான்குர்த்திலிருந்து வந்து வயரிங் செய்கிற அக்கா கதவைத் திறந்து மேல் வரிசையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"ஏளா, தோசைக்கல்லு மாதிரி கொதிக்கு. காத்து போக ஜகாவே வைக்கலியே நீ."

அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இனிப் படத்தைத் தாணேக்கே கொடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

மேசைக்காலைத் தூக்கிப் புத்தகத்தை உருவினேன். மேலும் கீழும் பத்து சென்டிமீட்டர் காலியாக விட வேண்டும் என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. நான் விட்டது ஒரு விரல். ஸ்கேல் டிரைவை அளந்து சொல்லும், அதைச் சுற்றி எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்லாது. தப்பு என்னுடையதுதான் என்று அண்ணாச்சியிடம் ஒப்புக்கொண்டேன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். லைப்ரரி இருக்கிறது மேடம், யாரும் கேட்பதில்லை, அதனால் வெப்சைட்டில் போடவில்லை என்று அந்த ஆள் இந்தியில் சாவகாசமாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒரு நாள் முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்தது, அவர் கம்ப்யூட்டரில் சும்மா தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. விற்கிற சாமானோடு இதையும் தந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பினார்.

ஃபைலைத் திறந்தால் டிரைவைச் சுற்றி, மேலும் கீழும் அதே பத்து சென்டிமீட்டர் விட்டு, புள்ளிக்கோட்டில் ஒரு வேலி. சோதித்துப் பார்க்க ஒரு ரிலேயை உள்ளே தள்ளினேன். சிவப்பாகிவிட்டது. அம்மாவை வேலைக்கு வைத்திருந்தால் முதல் நாளே இந்த வேலியோடு சண்டை போட்டிருப்பாள்.

வேறு பெட்டி செய்ய நேரமில்லை. அந்த ஒரு வரிசை ரிலேக்களுக்கு எங்காவது இடம் வேண்டும். வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பாத்திரமெல்லாம் எங்கே இருக்கிறது? சுவரில். பெட்டியின் பக்கச் சுவர் இரண்டும் வெறுமனே கிடந்தன. ரிலேக்களை அங்கே ஏற்றினேன், பிரேக்கரை இன்னும் கீழே இறக்கினேன். வேலி வேலியாகவே இருந்தது, திரையில் ஒரு சிவப்பும் இல்லை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே சாயங்காலத்துக்குள் வயரிங்கை மாற்றிக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் ஓட்டினோம், நிற்கவில்லை. மறுநாள் செம்பூரில் எட்டாம் மாடிக் குழாயில் தண்ணீர் வந்தது.

திங்கட்கிழமை நான் உள்ளே நுழையும்போது அண்ணாச்சி தாணே ஆபீசுடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். போச்சு, வேலை கைமாறுகிறது என்று நினைத்து, பையைக்கூட இறக்காமல் நின்றேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"அவங்களுக்கும் அதே டிரைவ் வந்திருக்காம்மா. ஒங்கிட்ட இருக்க லைப்ரரிய கேக்காங்க. அனுப்பிவிடு. நம்ம படத்த நீயே பாத்துக்கோ."

பையை இறக்கிவிட்டு ஃபைலை அனுப்பினேன். கூடவே, புள்ளிக்கோட்டுக்குள் எதையும் வைக்காதீர்கள் என்று ஒரு வரியும் எழுதினேன். என் மேசை இப்போது கொஞ்சம் ஆடுகிறது.