அம்மாவின் பேட்டி

ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரே நடத்தும் படநிறுவனம் ஒன்றின் ஆவணப்படத்தை மகளோடு பார்த்தேன். அதில் ஒரு மூதாட்டி, தன் ஆற்றைப் பற்றித் தன் மொழியில் பேசிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், இருந்த எங்கள் வீட்டை அரசாங்கம் இடிப்பதற்கு முன், தொலைக்காட்சிக்காரர்கள் அம்மாவைப் பேட்டியெடுக்க வந்தார்கள். தேங்காய் எண்ணெய் மணக்கத் தலைவாரி, பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்தாள்.

"வீடு மாறிட்டா என் கோழிங்கல்லாம் எங்க லா போவும்?" என்று, மலாய் 'லா' கலந்த கம்பத்துப் பேச்சில் சிரித்தபடி ஆரம்பித்தாள்.

தயாரிப்பாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசுங்கம்மா."

அதன்பிறகு அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. பக்கத்து வீட்டு ஆசிரியரைப் பேசவைத்துப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அப்போ நான் பேசுறது என்ன தமிழு?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

இதைச் சொன்னதும் மகள், "அப்பாயி வாய்ஸ் எப்படிப்பா இருக்கும்?" என்றாள். அம்மா மாதிரியே பேசிக்காட்டப் பார்த்தேன். வரவில்லை.