கீரனூரிலிருந்து மலேசியச் சாப்பாட்டுக்கு

பஸ் ஜன்னல் வழியாகத்தான் அந்தப் போர்டைப் பார்த்தேன். புதுக்கோட்டையில் வேலை முடிந்து கீரனூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ‘மலேசிய உணவகம். குடும்பத்தோடு வாங்க’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

என் கணவர் ஒன்பது வருடம் மலேசியாவில் கட்டட வேலை பார்த்தவர். ஊரோடு வந்து இரண்டு வருடமாகிறது. அங்கே இருந்தபோது, என்ன சாப்பிட்டீங்க என்று போனில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “நாசி லெமாக்.” தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, சம்பல், வறுத்த நெத்திலி, கடலை. பொட்டலமாக வாங்கி, வேலைக்குப் போகும் லாரியிலேயே சாப்பிடுவாராம். அவர் வந்த பிறகு ஒருமுறை நானும் செய்துபார்த்தேன். எல்லாரும் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மகளுக்கு ஷூ வாங்க வேண்டும் என்று சொல்லி எல்லாரையும் கிளப்பினேன்.

“ஷூவுக்கு எதுக்கு நாலு பேரு?” என்றார்.

“சும்மா வாங்க.”

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். “ஷூக்கடை இங்கிட்டு இல்லயேம்மா” என்றாள் மகள். அதற்குள் அவர் போர்டைப் பார்த்துவிட்டார். நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். “ஏய்... இத எப்பத் தொறந்தாங்க?” என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உள்ளே ஒரே குடும்பக் கூட்டம். உயர நாற்காலியில் ஒரு குழந்தை ஸ்பூனால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். “அங்க இந்த மாதிரிக் கடையில உக்காந்து சாப்பிட்டதே இல்ல, தெரியுமா?” என்று மெதுவாகச் சொன்னார்.

பரிமாறும் பெண்ணிடம் எல்லாம் சொல்லி முடித்தவர், பழக்க தோஷத்தில், “தம்பா சம்பல்” என்றார். உடனே வெட்கப்பட்டு, “சம்பல் கொஞ்சம் கூட வைங்கன்னேன்” என்று திருத்தினார்.

அதற்குள் அடுக்களையிலிருந்து ஒரு குரல்: “போலே!” மலாயில் ‘ஆகட்டும்’ என்று அர்த்தமாம்.

சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். மீமிசல்காரர், ஜொகூரில் பன்னிரண்டு வருடம் சமைத்தவராம். இரண்டு பேரும் மலாயில் பேச ஆரம்பித்தார்கள். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர், கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், தொடையைத் தட்டிச் சிரித்தார். “அம்மா, அப்பாவா இது?” என்று மகள் என் காதைக் கடித்தாள். எனக்கும் அதே கேள்விதான். அந்த ஒன்பது வருடத்தில் போனில் நான் கேட்டது பாதி மனிதரைத்தான் போலிருக்கிறது.

சாப்பாடு வந்தது. “நெத்தலி மட்டும் நம்ம கடல்ல புடிச்சது” என்றார் சமையற்காரர். ஏழு வயது மகன், குச்சியில் சுட்ட கோழியை விட்டுவிட்டு அதற்கு வைத்த கடலைக் குழம்பை வழித்து வழித்து நக்கினான். இவர் தட்டிலிருந்து நான் ஒரு வாய் எடுத்தேன். வாசனையே வேறு.

“இதுல என்னண்ணே போட்டிருக்கீங்க?”

“ரம்பை எலைம்மா. அது இல்லாட்டி வெறும் தேங்காப்பால் சோறுதான்.”

இவரைப் பார்த்தேன். “நான் செஞ்சப்ப சொல்லியிருக்கலாம்ல?”

“ஆசையாச் செஞ்ச. அதான்” என்றவர், அடுத்த கவளத்தை உருட்டி எனக்கே நீட்டினார். அத்தனை பேர் முன்னால்! வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகளுக்கு மலாயில் எண்ணக் கற்றுக்கொடுத்தார். சத்து, துவா, தீகா, அம்பாட். கண்டக்டர் வந்து, “கீரனூரு எத்தன பேரு?” என்றார்.

“அம்பாட்!” என்று கத்தினான் மகன். கண்டக்டர் விழித்தார். இவர் சிரித்த சிரிப்பில் பேச்சே வரவில்லை. நான்தான் நாலு விரலைக் காட்டினேன்.