கால்சியம் தண்ணி

வயிற்றில் பிள்ளை இருந்தால் முகத்தில் தனிக் களை வரும் என்று சொன்னவர்கள் யாரும் கெண்டைக்காலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஐந்தாம் மாதம் தொடங்கியதும் தினமும் விடிகிற நேரத்தில் என் கெண்டைக்கால் சதை சுருண்டு கல்லாகிவிடும். கம்பளிக்குள் கிடந்தபடி நான் போடும் சத்தத்தில் கொட்டகையில் மாடு எழுந்து நின்றுவிடும். நான் கன்னிவாடிக்காரி. வெயிலில் வளர்ந்த உடம்பு. மலை மேல் பள்ளங்கிக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்தே என் கால்களுக்கு இந்தக் குளிர் ஒத்துவரவில்லை, அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

கொடைக்கானல் டவுனில் நான் பார்க்கும் டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். "குளிருமில்ல ஒண்ணுமில்ல. கர்ப்பத்துல இது ரொம்ப காமன்," என்று சொல்லி, ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த இரும்புச்சத்து மாத்திரையோடு கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது, இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கக்கூடாது என்றார். நான் வேலை பார்ப்பது ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில். அங்கே டீ குடிக்காமல் இருப்பது சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் மட்டும்தான். இருந்தாலும் பிள்ளைக்காகக் குறைத்துக்கொண்டேன்.

இரும்பு மாத்திரை என் வயிற்றை என்ன பாடு படுத்தியது என்பதை நாகரிகமாக எழுத முடியாது. கால்சியம் மாத்திரை அதைவிட மோசம். சுண்ணாம்புக் கட்டியை உடைத்துக் கொடுத்தது போல இருக்கும். விழுங்கிய வேகத்தில் பாதி நாள் வெளியே வந்துவிடும். மாத்திரை வந்த பிறகு வாந்தியும் இருந்தது, கால் இழுப்பும் இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

என் கணவரின் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பூண்டுக் காடு, மாடு, அடுப்பு மூன்றையும் ஒரே ஆளாகப் பார்ப்பவர். பேச்சு குறைவு. கையில் எந்நேரமும் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். காட்டுக்குப் போனால் குடமே கூடப் போகும். "இந்தக் குளிருல இம்புட்டுத் தண்ணி எங்கதான் போகுதோ," என்று நான் கிண்டல் செய்வேன். கொஞ்ச காலமாகப் பூண்டு உரிக்க உட்கார்ந்தால் அப்படியே கண் அசந்துவிடுவார். சோறு பாதியில் நின்றுவிடும். வயசாகிறது என்று பேசிக்கொண்டோம்.

ஒருநாள் விடியற்காலை கால் இழுத்து நான் அலறியபோது என் கணவர் பாதத்தைப் பிடித்துத் தப்பான பக்கம் முறுக்கினார். அத்தை உள்ளே வந்து மகனைத் தள்ளிவிட்டார்.

"விடுறா. மம்பட்டி பிடிக்கிற மாதிரியா பிடிக்கிறது?"

எண்ணெயைச் சூடுகாட்டி எடுத்துவந்து என் காலை மடியில் வைத்து நீவிவிட்டார். பிடிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "எனக்கும் இப்படித்தான் இழுக்கும் தாயி. எந்திரிக்க விடாது. அழுகாத. மாத்திரை எறங்கலைன்னா போகுது, நான் தண்ணி மருந்து தாறேன். வெரசாக் கேக்கும்."

அன்று சாயங்காலமே பாலோடு வந்தது. பழைய தேன் பாட்டிலிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் மூடியில் ஊற்றிக் கலக்கினார். வெள்ளையாக, கெட்டியாக, இனிப்பாக இருந்தது. என்ன என்று கேட்டேன். "கால்சியந்தான். ஒனக்கு எழுதிக் குடுத்ததுதான்," என்றார். டாக்டர் சீட்டைக் காட்டி என் கணவர் டானிக்காக மாற்றி வாங்கி வந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நானே டவுனிலிருந்து வாங்கி வந்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் படித்தவர்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வாந்தி நின்றது. இழுப்பும் குறைந்தது. ஹோட்டலில் என்கூட வேலை பார்க்கும் பெண்ணிடம், எங்கள் வீட்டுத் தண்ணி மருந்துக்கு முன்னால் மாத்திரையெல்லாம் தூசு என்று பெருமை அடித்தேன்.

பிறகு ஒரு லீவு நாள் காலையில் கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வழக்கமாக நான் அந்தப் பக்கம் போவதில்லை, சாணி வாடை அப்போது எனக்கு ஆகாது. அத்தை நீல நிறக் கேன் ஒன்றைச் சாய்த்துத் தவிட்டில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளையாக, கெட்டியாக இறங்கியது. மாடு நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. தவிட்டைப் பிசைந்து வைத்துவிட்டு, கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து அந்தத் தேன் பாட்டிலை எடுத்தார். அதே கேனிலிருந்து அதற்குள் பதமாக ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கேன் மேல் ஒட்டியிருந்த படத்தில் ஒரு மாடு சிரித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, அது என்ன?"

"கால்சியம் தண்ணி தாயி. மாட்டுக்கு."

"பாட்டில்ல ஊத்துறது?"

"இது ஒனக்கு."

அவர் முகத்தில் ஒரு திருட்டுத்தனமும் இல்லை. அதுதான் என்னை உலுக்கிப் போட்டது. ஒளித்து வைத்துக் கொடுத்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். உப்பு எடுத்துத் தருவது போல இயல்பாகச் சொல்கிறார். நான் வாளியைக் கீழே போட்டுவிட்டேன்.

போன வருஷம் அந்த மாடு கன்று போட்ட மறுநாள் கீழே விழுந்து எழவில்லை. கழுத்து ஒரு பக்கம் மடங்கி, காதெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. ஊரே கூடிவிட்டது. மாட்டு டாக்டர் வந்து, பிள்ளை பெற்ற உடம்பில் கால்சியம் இறங்கிப்போய்விட்டது என்று சொல்லிக் கழுத்து நரம்பில் பாட்டில் மருந்து ஏற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடு எழுந்து நின்று சாணி போட்டது. சாமி வந்தால்கூட ஊர் அப்படிக் கும்பிட்டிருக்காது. அன்றிலிருந்து பூண்டு மூட்டை இறக்க மலைக்குக் கீழே போகும்போதெல்லாம் என் கணவர் அந்த நீலக் கேனை வாங்கி வருவார்.

"செத்துக் கெடந்த மாட்டையே எழுப்புன மருந்து தாயி. மாட்டுக்குன்னா என்ன, மனுசருக்குன்னா என்ன, கால்சியம் ஒண்ணுதானே? கேன்ல என்ன போட்டிருக்குன்னு ஒம் புருசன்தான் படிச்சுச் சொன்னான்."

"நான் என்ன மாடா அத்தை?" என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உங்களைச் சும்மா விடமாட்டேன் என்றும் சொன்னேன். அத்தை கேன் மூடியைத் திருகி மூடினார்.

அன்றைக்கே மூன்று பேரும் டவுனுக்குப் பஸ் ஏறினோம். கேனைப் படம் பிடித்தால் போதும் என்று தோன்றாமல் என் கணவர் கேனையே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் என் வயிற்றையும் அந்தச் சிரிக்கும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன்.

டாக்டரம்மா கேனைத் திருப்பித் திருப்பிப் படித்தார். முகம் மாறிவிட்டது. "வெறும் கால்சியம் இல்ல இது. டி விட்டமின் மாட்டு உடம்புக்கான அளவுல இருக்கு. ஏ விட்டமினும் சேர்த்திருக்காங்க. அது கூடிப்போனா குழந்தைக்கு நல்லதில்ல."

குழந்தைக்கு நல்லதில்லை. அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. உதைக்கிறதா, துடிக்கிறதா என்று பயந்தேன். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் ஒரு முதுகெலும்பும் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஒரு நெஞ்சும் தெரிந்தன. டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை நேரம் எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில், "இப்ப வரைக்கும் எல்லாம் சரியாத்தான் தெரியுது. நீங்க குடிச்சதும் கொஞ்ச நாள், கொஞ்ச அளவு. ரத்த ரிசல்ட்டும் வரட்டும்," என்றார்.

அப்போது கதவோரம் நின்ற அத்தை முதல் தடவையாக வாய் திறந்தார். "கண்ட மருந்தக் குடுப்பேனாங்க? நான் குடிச்சுப் பாத்துட்டுத்தாங்க குடுத்தேன்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "எத்தனை நாளாக் குடிக்கிறீங்கம்மா?"

"மாடு விழுந்ததுலருந்துங்க."

"எவ்வளவு?"

"மாட்டுக்கு ஊத்துற மூடிக்கு ஒரு மூடிங்க. வெள்ளனே எந்திரிச்சதும் ஒண்ணு, படுக்கப்போக ஒண்ணு. கால் ரொம்ப இழுத்தா இன்னும் கொஞ்சம்."

எனக்குக் கொடுத்தது சின்ன எவர்சில்வர் மூடி. கேன் மூடி என் உள்ளங்கை அகலம். டாக்டரம்மா கேனைக் கீழே வைத்துவிட்டு அத்தையை உட்காரச் சொன்னார். தண்ணீர் தாகம் இருக்கா, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதா, வயிறு கட்டுகிறதா, சோர்வா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்று அத்தை ஏதோ பரீட்சையில் பாஸானது போலத் தலையாட்டினார். அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு அது ஒரு சம்பிரதாயம் என்றே பட்டது. என் வயிற்றைத் தவிர வேறு எதையும் நினைக்க எனக்கு அன்று இடமில்லை.

மறுநாள் டாக்டரம்மாவே போன் செய்தார்.

"உங்களுக்கு எல்லாம் நார்மல். குழந்தையைப் பத்திப் பயப்படாதீங்க. உங்க அத்தை எங்க?"

"பூண்டுக் காட்டுல இருக்காங்க."

"உடனே திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கே. ரத்தத்துல கால்சியம் அபாயமான அளவுக்கு ஏறியிருக்கு. கிட்னியில கை வைக்க ஆரம்பிச்சிடுச்சு."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஒரு நாள் முழுக்க என் பிள்ளைக்கு, என் பிள்ளைக்கு என்று நான் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். உயிருக்கு மோசம் எங்கள் வீட்டில் சொம்பும் கையுமாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. தாகம், தூக்கம், பாதியில் நின்ற சோறு, எல்லாம் அந்தக் கேன். வயசாகிறது என்று பேசிக்கொண்டோமே, அதை நினைக்க உடம்பே கூசியது.

காட்டில் அத்தை களை எடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்றதும், "சோலி கெடக்கு. நாளைக்குப் போவோம்," என்றார். என் கணவர் அம்மாவின் கையிலிருந்த களைக்கொத்தை வாங்கி வரப்பில் எறிந்தார்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அத்தைக்குப் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் தண்ணீர் ஏறியது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் கிட்னி மொத்தமாகப் போயிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். பிழைத்துவிடுவார் என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு அழுகையே வந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அத்தை ஏறுகிற பாட்டிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுக்குக் கழுத்துல ஏத்துனாங்க. எனக்குக் கையில," என்றார்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இம்புட்டு நாளாக் கால் இழுக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அத்தை? யார்கிட்டயும் ஏன் சொல்லல?"

அவர் பாட்டிலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நிஜமாகவே விளங்காமல்தான் பார்த்தார்.

"ஒங்கிட்டச் சொன்னேனே தாயி. ஒங் காலைத் தேச்சுவிட்டேன்ல, அன்னைக்கு."

எனக்கும் இப்படித்தான் இழுக்கும். எந்திரிக்க விடாது. சொல்லித்தான் இருந்தார். என் காலை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து.

நான் குனிந்து போர்வைக்குள் கையை விட்டு அவர் காலைத் தேடினேன். கெண்டைக்கால் சதை கல்லாக இருந்தது. அத்தை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"வயித்துப் பிள்ளைக்காரி, குனியாதம்மா," என்றார்.