கொட்டாவிப் பாறையும் ஒரு தனி அறையும்

முதலில் ஒரு விடுகதை. காலையில் மேற்கே கால் நீட்டும். மாலையில் கிழக்கே கால் நீட்டும். உச்சி வெயிலில் காலை மடக்கிக்கொள்ளும். ஆனால் பிறந்த இடத்தை விட்டு ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. அது என்ன?

யோசித்துக்கொண்டிருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குழந்தைகளைப் பாறை பார்க்க அழைத்துப் போவது என் தொழில். பல வருடங்கள் சிறுவர் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கம் நின்றுபோனதும் அதன் வாசகர்களை நேரிலேயே நடத்திக்கொண்டு போக ஆரம்பித்தேன். உப்பலைத் தாண்டிக் கிழக்கே, ஓர் ஏரிக்குப் பின்னால், வேலி போட்டுக் காக்கப்படும் பழைய காடு ஒன்று இருக்கிறது. அதன் நடுவே பாறைக் குன்றுகள். செகந்திராபாத், காஞ்சன்பாக், பாலாநகர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. நான் தமிழில் கேட்பேன். பிள்ளைகள் தெலுங்கிலோ இந்தியிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வார்கள். பதினைந்து குழந்தைகளை ஒரே வரிசையில் நிறுத்த ஒரு தடவையாவது முயன்றவர்கள், என்னோடு சேர்ந்து பெருமூச்சு விட்டபடி மேலே வாசிக்கலாம்.

விடுகதைக்கு வந்த பதில்கள்: கரண்டுக் கம்பம், வேப்பமரம், ஏடிஎம். மூன்றுக்குமே நிழல் உண்டு என்பதால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. மதுமிதா என்று ஒன்பது வயதுப் பெண். அவள் மட்டும் பதில் சொல்லாமல் எதிரே இருந்த பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக என்னைக் கேட்டாள்: "ஆன்ட்டி, நான் கரெக்டா சொல்லிட்டா இது எழுந்து போயிடுமா?"

உள்ளே ஓடும் மின்விசிறி

இந்தப் பாறைகளைப் பார்த்ததும் எல்லாக் குழந்தைகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: ஒன்றின் மேல் ஒன்றாக இவற்றைத் தூக்கி வைத்தது யார்? யாரும் வைக்கவில்லை. ஒரு காலத்தில் இவை மண்ணுக்குள் இருந்தன. சுற்றியிருந்த மண் கோடிக்கணக்கான வருட மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனது. இவை கரையாமல் நின்றுவிட்டன. "அவை வரவில்லை, மற்றதெல்லாம் போய்விட்டது" என்று நான் சொன்னால் குழந்தைகள் ஒரு நிமிடம் அமைதியாவார்கள். என் தொழிலில் ஒரு நிமிடம் என்பது நீண்ட நேரம்.

அந்த ஒரு நிமிடத்தில் பாறையில் காதை வைக்கச் சொல்வேன். இரவின் குளிர் இன்னும் போகாத பாறை. ஏரிப் பக்கமிருந்து பனி நகர்ந்து வந்து எங்கள் முழங்கால்வரை நிற்கும். அப்படி ஒரு காலை மதுமிதாவின் இரட்டைத் தம்பிகளில் ஒருவனான பரணி காதை வைத்தவன் வைத்தபடியே கண்ணை மூடிவிட்டான். தூங்கிவிட்டானோ என்று தோளைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமலேயே சொன்னான்: "உஷ்! உள்ளே யாரோ ஃபேன் போட்டுட்டுப் படுத்திருக்காங்க."

பாக்கெட் சோதனை

காட்டிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. கூழாங்கல், விதை, இறகு, எதுவும். வாசலில் காவலர் யாதய்யா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். அவர் யாரையும் திட்டியதில்லை. தொலைந்துபோன பொருளைக் கண்டெடுத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதுபோல ஒவ்வொரு கல்லையும் இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்து வாளியில் போடுவார். எல்லோரும் போனபின் வாளியோடு உள்ளே நடந்து, அங்கங்கே போட்டுவிட்டு வருவார்.

மதுமிதாவின் பாக்கெட்டில் கல் இருந்ததே இல்லை. இருந்தது மடித்த ஓர் அட்டை. பெயிண்ட் கடையில் நிறம் தேர்ந்தெடுக்கக் கொடுப்பார்களே, அந்த அட்டை. மதுமிதா வீட்டில் ஐந்து பேர், ஒரே படுக்கையறை. அப்பா மனை வாங்கியிருக்கிறார், வீடு கட்டப்போகிறார், அதில் அவளுக்குத் தனி அறை. அதற்கு என்ன நிறம் என்பதுதான் காடு முழுக்க அவளுடைய ஆராய்ச்சி. இலையில் வைத்துப் பார்ப்பாள், பட்டையில் வைத்துப் பார்ப்பாள். கடைசியில் பாறைமேல் படர்ந்திருக்கும் சாம்பல் பூத்த பச்சையில் வந்து நின்றாள். அட்டையில் மூன்றாவது கட்டம், அச்சு அசல் அதே பச்சை.

யாதய்யா அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்: "இது காட்டோடது இல்ல பாப்பா. உன்னோடது. கொண்டு போ."

பத்துக்குப் பத்து

காட்டின் நடுவில் ஓர் ஆலமரம். எத்தனை வயது என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். விழுதெல்லாம் ஊன்றி மரமாகிவிட்டதால் தாய்மரம் எது என்று இப்போது யாருக்கும் தெரியாது. உள்ளே நுழைந்தால் வெயில் பச்சையாக இருக்கும். பேச்சுக்குரல்கூட எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். கத்திக்கொண்டே வரும் குழந்தைகளும் அங்கே தாமாகக் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் மறுபடி கத்துவார்களோ என்ற பயம்தான்.

மதுமிதா விழுதுகளுக்கு நடுவே பாதம் பாதமாக வைத்து அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மா கல்பனா என்னிடம் சொன்னார்: "பத்துக்குப் பத்துன்னு அவங்கப்பா சொன்னதிலிருந்து எங்க போனாலும் இதே வேலைதான். பாவம், ரெண்டு தம்பிங்களுக்கும் நடுவுல படுக்கிறா. ஒருத்தன் உதைப்பான், ஒருத்தன் பாடுவான்." அதற்குள் நான்கு விழுதுகள் மூலைக்கு ஒன்றாக நிற்கும் இடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

கிளம்ப நேரமாயிற்று என்று சொல்ல நான் அருகே போனேன். அவள் ஒரு கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்: "ஆன்ட்டி, தட்டிட்டு வாங்க."

பெயர் சூட்டு விழா

பெயரில்லாத பாறை எதிரே வந்தால் கை தூக்கச் சொல்லிப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். காட்டுக்குள் இருப்பவற்றுக்கெல்லாம் வைத்து முடித்தாயிற்று. 'இட்லிப் பானை' உண்டு, 'குப்புறப் படுத்த யானை' உண்டு. ஆனால் வேலி போட்டவர்கள் பாறைகளைக் கேட்டுப் போடவில்லை. ஒரே பாறைக் கூட்டத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளே இருப்பதை யாரும் தொட முடியாது. வெளியே இருப்பதை யாரும் எதுவும் செய்யலாம்.

வெளியே, நாங்கள் பஸ்ஸுக்கு நடக்கும் வழியில், புதர்களுக்கு நடுவே ஒரு ஜோடிப் பாறை. மேல்பாறை கீழ்ப்பாறைமேல் ஒரு முனையில் மட்டும் உட்கார்ந்திருக்கும். மறுமுனையில் இடைவெளி. காலைச் சூரியன் அந்த இடைவெளி வழியே ஒரு மெல்லிய கோடாக வந்து புல்மேல் விழும். தூக்கம் கலையாத பெரிய வாய் ஒன்று திறந்துகொண்டே இருப்பதுபோல. அதைப் பார்த்து ஒரு பையன் கொட்டாவி விட்டான், அவனைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு வரிசை முழுவதும், கடைசியில் நானும். "கொட்டாவி!" என்று கத்தினாள் மதுமிதா. பதினைந்து கையும் உயர்ந்தன.

கை தூக்காமல் நின்றவர் ஒருவர்தான், அவள் அப்பா சேகர். பாலாநகரில் தொழிற்சாலை வேலை. எப்போதும் இடுப்பில் அளவு டேப் தொங்கும். அளக்காமல் எதையும் நம்ப மாட்டார். அன்று டேப்பைத் தொடாமலேயே, சங்கடமாகச் சிரித்தபடி சொன்னார்: "பேர் வைக்கிறதுக்கு முந்தியே சொல்லியிருக்கணும் மேடம். இது என் ப்ளாட்டு."

ஏழாம் எண்

இனி வருவது என் தவறு. சிறுவர் பக்கக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யக்கூடிய தவறுமில்லை. புள்ளிகளை எண் வரிசையில் இணைத்தால் உருவம் தெரியும் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? அதைத் தாளில் போட்டுப் போட்டுச் சலித்துவிட்டது. நிலத்திலேயே போட்டால் என்ன என்று தோன்றியது. வேலிக்கு வெளியே இருந்த ஒன்பது பாறைகளில் வெள்ளைச் சாக்பீஸால் ஒன்று முதல் ஒன்பதுவரை எழுதினேன். குழந்தைகள் வரிசையாக ஓடி, வரைபடத்தில் இணைத்தால் ஆமை வரும். ஆமை அழகாகவே வந்தது. கொட்டாவிக்கு ஏழாம் எண். சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன். அழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் காலை சேகர் போன் செய்தார்: "மேடம், என் பாறைக்கு நம்பர் போட்டது யாரு?" அந்தப் பகுதிக்குச் சாலை போட, பாறை உடைக்கும் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் தொழிலிலும் எண் உண்டு. எண் போட்ட பாறை உடைக்க வேண்டிய பாறை. ஈரத் துணியோடு ஆட்டோவில் பறந்தேன். முதல் பாறை அதற்குள் நான்கு துண்டாகிக் கிடந்தது. அதன் உட்புறம் இளஞ்சிவப்பாக, மினுமினுத்துக்கொண்டு இருந்தது. எத்தனையோ கோடி வருடத்தில் முதன்முதலாக அதன்மேல் வெயில் பட்டது. ஏழாம் பாறையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு இரண்டு துளைகள். அதோடு சேகர் வந்து நிறுத்திவிட்டார்.

நான் பாறை பாறையாகப் போய்ச் சாக்பீஸைத் துடைத்தேன். மேஸ்திரி மல்லேஷ் துளை போடும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, பீடி பற்ற வைக்காமலேயே விரலிடுக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். கோபமாக இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்: "உடைக்கப் போறதில்லன்னா நம்பர் எதுக்கும்மா?"

சுண்ணாம்புக் கோடு

அடுத்த ஞாயிறு சேகர் எங்களை மனைக்குக் கூப்பிட்டார். தரையில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டையே வரைந்து வைத்திருந்தார். இது ஹால், இது சமையலறை, இது பெரிய படுக்கையறை. நான்காவது சதுரம் மட்டும் மூன்று பக்கம்தான் இருந்தது. நான்காவது பக்கத்தில் கொட்டாவி உட்கார்ந்திருந்தது. அதுதான் மதுமிதாவின் அறை.

"மாடி எடுக்கலாமே?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம் மேடம். பத்து வருஷம் ஆகும். அப்போ இவ ஹாஸ்டல்ல இருப்பா." ஒதுங்கி நின்ற மல்லேஷைக் காட்டினார். "நாளையோட இவங்களுக்கு இங்க வேலை முடியுது. உடைக்கிறதுன்னா இப்பவே சொல்லணும்." பிறகு மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அளவு சொல்கிற அதே குரலில் சொன்னார்: "பாறையை எடுத்தா உனக்கு ரூம். பாறை இருந்தா ரூம் கிடையாது. நீ தம்பிங்களோட ஹால்ல படுக்கணும். எது வேணும்னு நீதான் சொல்லணும்." என்னிடம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது மேடம்."

"நக்கோ," என்று இந்த ஊர் வழக்கத்தில் மறுத்துத் தலையாட்டினேன். "நான் எதுக்கு பேசறேன்?"

மதுமிதா சுண்ணாம்புக் கோட்டின் வாசல் வழியாக, கதவைத் திறப்பதுபோல் கையை வைத்து, அறைக்குள் போனாள். கட்டில் வரும் இடத்தில் மல்லாந்து படுத்தாள். பாறையின் நிழல் அவள்மேல் மேற்குப் பார்த்து நீண்டிருந்தது. இடைவெளி வழியே வந்த வெளிச்சக் கோடு அவள் கழுத்தில் ஆரம்பித்து, கன்னத்துக்கு ஏறி, நெற்றியைத் தாண்டிப் போகும்வரை அசையாமல் கிடந்தாள். பிறகு எழுந்து, பாக்கெட்டிலிருந்து பெயிண்ட் அட்டையை எடுத்து, மூன்றாவது கட்டத்தைப் பாறைமேல் வைத்துப் பார்த்தாள். மல்லேஷ் போட்ட துளை ஒன்றுக்குள் கட்டைவிரலை விட்டாள், எடுத்தாள். கல்பனா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பாறைகளைப் பற்றி இத்தனை வருடம் பேசிச் சம்பாதித்த எனக்கு, ஒரு பாறைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தக் கால் மணி நேரம்தான் தொழிலிலேயே கடினமான வேலை.

மதுமிதா ஹாலில் படுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.