இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே

லிஃப்ட்காரர் என்றால் பழைய ஊரில் அந்தப் பேட்டைக்கே தெரியும். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் ஆள் போகும். ஓடுகிற சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் அவர் குடியிருந்த மூன்று மாடி வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது, அறுபத்திரண்டு படி. மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்களில் பலமில்லை. பத்து வயது வரை அவளை இடது தோளில் போட்டுக்கொண்டுதான் ஏறி இறங்கினார்.

"ஊர்ல உள்ள லிஃப்டெல்லாம் கரண்டுல ஓடுது, எங்க வீட்டு லிஃப்ட் காப்பியில ஓடுது" என்பாள் மனைவி.

மேல் வகுப்புகள் மாடியில் இருப்பதாகச் சொல்லி, பள்ளிக்கூடம் கையை விரித்தது. அப்போதுதான் மனைவியின் அண்ணன், தானிருக்கும் நாட்டுக்கு வரச்சொல்லி எழுதினார். விசாவுக்கு உடம்பு பார்த்த டாக்டர், "இவளால தனியா என்னென்ன செய்ய முடியும்?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் முந்திக்கொண்டு, "எதுக்குத் தனியா செய்யணும்? நாங்க இருக்கோமே" என்றார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழு மாதம் கழித்து அனுமதி வந்தது.

புது ஊர் பாதித் தூக்கத்தில் பார்த்தது போலிருந்தது. காலையில் பனி இறங்கினால் எதிர்க் கட்டடம் கரைந்துபோகும். விளக்குகள் மட்டும் வானத்தில் தொங்கும். பேருந்துகள் அவள் ஏறுவதற்காகப் பக்கவாட்டில் தாழ்ந்து நின்றன. பள்ளியில் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அவள் முன்னே போக, அவர் பின்னால் ஓடினார். இங்கே லிஃப்டைத் தொடப் பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும். அதுவரை ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு கழுவினார். குடியிருப்புக் காவலாளி, மேலே போக எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அவருக்கே விளக்கினான். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

தட்டு கழுவிவிட்டு, ரொட்டி வாசனையோடு அவர் வெறும் கையாக நடந்து வருவார். ஒருநாள் மனைவி கேட்டாள்: "ஏங்க ஒரு பக்கமா சாஞ்சே நடக்கறீங்க?" அப்போதுதான் கவனித்தார். தோளில் இல்லாத பாரத்துக்கு உடம்பு ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், காய்கறிப் பையோடு அவர் வாசலைத் தாண்டுவதற்குள் மகள் லிஃப்டில் ஏறிவிட, கதவு மூடிக்கொண்டது. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது. பையைப் போட்டுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினார். நின்ற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, அந்த மாடிக் கதவின் லாக்தான் கோளாறு. உள்ளே இருப்பவருக்கு ஆபத்தில்லை. ஆனால் அது தெரிந்து என்ன, கதவில் காதை வைத்தார்.

உள்ளே அவசரத் தொலைபேசியில் ஒரு குரல் கேள்வி கேட்டது. மகள் புது மொழியில் தங்குதடையில்லாமல் பதில் சொன்னாள். பாதிதான் அவருக்குப் புரிந்தது. அது தன் மகளின் குரல்தானா என்றிருந்தது.

"அப்பா, ஆள் வராங்களாம். முக்கால் மணி நேரம் ஆகுமாம்."

"அப்பாகிட்ட பழைய லிஃப்ட் சாவி இருக்குடா. ரெண்டு நிமிஷத்துல திறந்துடறேன்." உரிமமில்லாமல் திறந்தால் பரீட்சைக் கனவு அவ்வளவுதான். போனால் போகட்டும் என்று சட்டைப்பையில் கைவிட்டார்.

"திறக்காதீங்கப்பா."

"ஏம்மா, பரீட்சைக்காகவா? அத விடு."

"அதுக்கில்ல. நான் தனியா ஒரு ரூம்ல இருந்ததே இல்லப்பா. யாராவது இருந்துக்கிட்டே இருப்பீங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேனே."

சாவியை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தார். மகளின் பதினோரு வருடத்தை நினைத்துப் பார்த்தார். தூங்கும்போதுகூட அம்மாவின் கை அவள் மேல் கிடக்கும்.

"நான் போயிடட்டுமா?"

"படியில உக்காருங்க. பேசாதீங்க."

உட்கார்ந்தார். பேசவில்லை. உள்ளே அவள் ஏதோ முனகினாள், பாட்டாக இருக்கலாம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு தனக்குத்தானே சிரித்தாள். என்னடா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். படிக்கட்டு ஜன்னலில் பனி நகர்ந்தது. கட்டடமே எங்கோ மிதந்து போவதாகவும், தான் அதன் வாசற்படியில் காவல் இருப்பதாகவும் தோன்றியது. கண் செருகியது.

ஆள் வந்து தட்டியதும் விழித்தார். வந்தவரிடம் மூன்றாம் மாடிக் கதவைக் காட்டி, தெரிந்த நாலு வார்த்தையில் சொன்னார். அந்த ஆளும் அதைத்தான் முதலில் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் லிஃப்ட் கிளம்பியது. நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு மகள் வெளியே வந்தாள். உள்ளே என்ன செய்தாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மனைவிதான் தாளித்துவிட்டாள். "பிள்ள மாட்டிக்கிட்டு கிடக்கு, நீங்க உக்காந்து தூங்கினீங்களா?"

"அவதான் இருக்கச் சொன்னா."

மனைவி மகளைப் பார்த்தாள். அடுத்த வாரம் சாமான் போட்டிருந்த சின்ன அறையை அவளே காலி பண்ணி, மகளின் கட்டிலை அங்கே போடச் சொன்னாள்.

லிஃப்ட்காரர் இரண்டாம் தடவையில் பரீட்சை தேறினார். மகளுக்கு இப்போது பதினைந்து. பள்ளிக்கு அவளே பேருந்தில் போய்வருகிறாள். மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் ஆப்பிள் நறுக்கி எடுத்துப்போய்க் கதவைத் தட்டுவார். சில நாள் "வாங்கப்பா" என்பாள். சில நாள் "அப்புறம்" என்பாள். அப்புறம் என்றால் கூடத்தில் உட்கார்ந்து பாதியைத் தானே தின்றுவிடுவார்.