தாழ்ப்பாளுக்கு ஒரு நிமிட மௌனம்

ஏழு மாடிக் கட்டடத்தைத் தினமும் துடைப்பவருக்கு மாப்பக்கா என்று பெயர். தரை துடைக்கும் மாப்பு அவர் கையைவிட்டு இறங்கிப் பார்த்தவர் யாரும் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயரை, புருஷன்கூடக் கோபம் வந்தால்தான் எடுப்பார். வேலை அட்டையில் இருப்பது மூன்றாவது பெயர். அதே வேலையைப் பார்த்து, ஒன்பது வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது.

புது ஆளைப் பதிவு செய்ய நாலு மேசை ஏறி இறங்க வேண்டும். பழைய ஆளையே ஓட்டினால் ஒரு மேசையும் வேண்டாம். அதனால் சூப்பர்வைசர் அட்டையை நீட்டி, "இனிமே நீதான் அவ" என்றார். படம் ஏற்கெனவே ஈரத்தில் அழிந்திருந்தது. அந்தப் பெயரில் கையெழுத்துப் போடவும் அவரே சொல்லிக்கொடுத்தார். பொறுமையான வாத்தியார்.

இப்படி அடுத்தவர் பெயரில் பதினோரு பெண்கள். எல்லோரும் தண்டவாளத்துக்கு அப்பால் உள்ள மூன்று தெருக்காரர்கள். துடைக்கிற வேலைக்கு வேறு தெருவிலிருந்து ஆள் வந்ததில்லை. வேறு வேலைக்கு அந்தத் தெருக்களிலிருந்து ஆள் எடுத்ததும் இல்லை.

சாமான் அறையில்தான் அவர்கள் உடை மாற்றுவார்கள். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. சாவி சூப்பர்வைசரிடம். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்குப் பினாயில் பாட்டிலை எண்ணும் கடமை உணர்ச்சி பொங்கும்.

இதற்கென்று சட்டம் இல்லாமலில்லை. லிஃப்ட் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். மாப்பக்காவோடு வேலை பார்க்கும் நாத்தனார் ஒருநாள் கேட்டாள்.

"தினம் தொடைக்கிறீங்களே அண்ணி, அதுல என்னதான் எழுதியிருக்கு?"

"பொம்பளைங்க புகார் கொடுக்கலாமாம்."

"நம்மளும் பொம்பளைங்கதானே?"

"கண்ணாடியில அப்படித்தான் தெரியுது."

மாப்பக்கா புகார் கமிட்டிக்கு அரைப் பக்கம் எழுதினார். கேட்டது ஒன்றே ஒன்று: உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கீழே கையெழுத்து. ஒன்பது வருடம் பழகிய கை, தானாக அட்டைப் பெயரைப் போட்டு முடித்துவிட்டது.

விசாரணை நாளில் அறையைப் பெருக்கி, நாற்காலி போட்டவரும் மாப்பக்காதான். ஆறு போட்டார், கமிட்டிக்கு ஐந்து, சூப்பர்வைசருக்கு ஒன்று. தனக்கு ஒன்று போட வேண்டுமென்று தோன்றவில்லை.

சூப்பர்வைசர் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். இறப்புச் சான்றிதழ்.

"மேடம், புகார் கொடுத்தவங்க காலமாகி ஒன்பது வருஷம் ஆகுது."

தலைவியான அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷி. "அப்ப இவங்க யாரு?"

"நாந்தாம்மா எழுதினேன்" என்று மாப்பக்கா தன் சொந்தப் பெயரைச் சொன்னார். சொல்லவே கூச்சமாக இருந்தது.

கமிட்டியிலிருந்த வக்கீல் பதிவேட்டைப் புரட்டினார். "இந்தப் பேர்ல இங்க யாரும் வேலை செய்யலையே. வேலை செய்யாதவங்க எப்படிம்மா புகார் கொடுக்க முடியும்?"

"அட்டையைக் கொடுத்தது சார்தான்."

சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தனி விஷயம்" என்றார் வக்கீல், குழந்தைக்குச் சொல்வதுபோல. "போலீஸுக்குத்தான் போகணும். போனா, அடுத்தவங்க பேர்ல வேலை பாத்தீங்களான்னு முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. மத்தவங்க அட்டையையும் வாங்கிப் பாப்பாங்க."

மத்தவங்க என்றால் நாத்தனாரும்தான்.

"நாங்க உங்களுக்காகத்தானே இருக்கோம்" என்றார் தலைவி. "என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

சட்டம் இவ்வளவு மரியாதையாக மாப்பக்காவிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. தரையைப் பார்த்தார். காலையில் துடைத்த தரை, பளிச்சென்றிருந்தது.

"அவங்க செத்தே இருக்கட்டும்மா."

புகார்தாரர் உயிருடன் இல்லாததால் புகார் முடித்துவைக்கப்பட்டது. தலைவிக்கு மனசு ஆறவில்லை. "ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். சூப்பர்வைசர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தலை குனிந்தார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த மாப்பக்காவுக்கு எழுந்திருக்கிற வேலை மிச்சம்.

சாயங்காலம் சாமான் அறையில் நாத்தனார் கேட்டாள். "தாழ்ப்பாள் என்னாச்சு அண்ணி?"

மாப்பக்கா வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கதவை ஒட்டி வைத்தார். அதன் பக்கத்தில் கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தார்.

"நீ மாத்துடி. நான் இருக்கேன்ல."

"அப்புறம் நீங்க மாத்தறப்போ?"

"இந்த ஈரத் துணியோடவே வீட்டுக்குப் போயிடுறேன். ஈரம் எனக்குப் புதுசா?"

வெளியே சாவிக்கொத்துச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.